சின்னக் கிண்ணங்கள்

"கை நடுங்குறவன் பீடத்துல நிக்கலாமாம்மா?"

கேட்டவர் சமாதானவிளைச் சபையின் குருவானவர் ஞானையா. ஐம்பது வயதைத் தாண்டியவர். கேள்வி லில்லி சற்குணம் அம்மாவிடம். இறையியல் கல்லூரியில் ஞானையாவுக்கு ஆராதனை முறைகளைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்று பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். மனம் நொந்த குருவானவர்கள் யாராவது அந்தப் படியேறிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சமாதானவிளையில் சமாதானத்தைத் தவிர மற்றதெல்லாம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"யாரு கை?"

"என் கைதான்."

"காட்டு."

ஞானையா வலக்கையை நீட்டினார். விரல்கள் தாமாக ஆடின. உடனே இடக்கையால் அதை அமுக்கிக்கொண்டார். பலநாள் பழக்கம் போலிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"உயிருக்கு ஒண்ணும் இல்லியாம். நரம்புல வர்ற நடுக்கம். இனிமே கூடத்தான் செய்யும், குறையாதுன்னுட்டாரு."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"வீட்டுல தெரியும். இப்ப உங்களுக்கு."

"சபைக்கு?"

"ஐயோ!" என்றார் ஞானையா. சபைக்குத் தெரிவதைவிடச் சாவது மேல் என்பதுபோல் இருந்தது அந்த ஐயோ.

பிறகு கொட்டித் தீர்த்தார். அவரைச் சேகரத் தலைவர் ஆக்கப்போகிறார்கள். சுற்றுவட்டாரத்துச் சபைகள் எல்லாம் அவர் பொறுப்பில் வரும். பெரிய கோயிலில் திருவிருந்து நடத்த வேண்டும்; திராட்சரசப் பாத்திரத்தை எல்லார் முன்னாலும் தூக்க வேண்டும்.

"வேண்டாம்னு சொல்லிரலாமான்னு இருக்கு. பீடத்துல ஏறுனாலே எல்லாரும் என் கையையே பாக்க மாதிரி இருக்கு. ராத்திரி தூக்கம் இல்ல. மத்தவங்களப் பாத்தா எல்லாரும் திடமா நிக்காங்க. நான் மட்டும் வேஷம் போட்டு நிக்க மாதிரி இருக்கும்மா."

அவர் பொய் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. அம்மாவின் முகமும் இளகியது.

"உன்னக் கூப்பிட்டவருக்கு உன் நரம்பு தெரியாதா ஞானையா? திடமான ஆள்தான் வேணும்னா ஆண்டவர் வேற எங்கயாவது போயிருப்பாருல்லா."

ஞானையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்த காரியம் முடிந்துவிட்டது. அப்போதே ஒரு ஜெபம் பண்ணிவிட்டுப் படியிறங்கியிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இருந்திராது. ஆனால் அம்மா இன்னொன்று கேட்டார்.

"இத்தன நாளும் பாத்திரத்த எப்படித் தூக்குன?"

ஞானையாவின் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது.

"அதுக்குக் கர்த்தர் ஒரு வழி காட்டுனாரும்மா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே பாத்திரத்த மாத்திட்டேன். இப்ப ஆளுக்கு ஒரு சின்ன கப்பு. சபை ஊழியர் தட்டுல வச்சுத் தூக்கிட்டு வருவாரு. நான் கைய அங்கிக்குள்ள வச்சுக்கிட்டு வசனம் மட்டும் சொல்லுவேன்."

"சபைக்கு என்ன காரணம் சொன்ன?"

"சுகாதாரம்னு சொன்னேன். ஒரே பாத்திரத்துல எல்லாரும் வாய் வச்சுக் குடிக்கது இந்தக் காலத்துக்குச் சரியில்லன்னு சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தரு மட்டும் கோவிச்சுக்கிட்டு வாறதில்ல. இப்ப யார்ட்டயும் எதுவும் சொல்ல முடியலம்மா, உடனே முகம் வாடிருது."

"யாரு அந்த ஒருத்தர்?"

"அருமைநாயகம்னு ஒரு பெரியவரு. முந்தி தொழுநோய் வந்து குணமானவரு. விரல் மட்டும் போயிட்டு."

கத்தி நின்றது.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோபம் வந்தால் மரியாதைக்கு மாறிவிடுவார்; குருவானவர்களைச் சபையார் கூப்பிடுவதுபோல் 'ஐயரே' என்பார். அவருடைய பழைய மாணவர்கள் அந்த 'நீங்க' காதில் விழுந்தாலே எழுந்து நின்றுவிடுவார்கள்.

"நீங்க கொஞ்சம் நிமிந்து உக்காருங்க ஐயரே. திருவிருந்துக்கு அவரு எந்தப் பந்தியில முட்டங்கால் போடுவாரு?"

"கடைசிப் பந்தி. அதுலயும் கடைசி ஆளு. அவரா அப்படி வச்சுக்கிட்டாரு. மத்தவங்களுக்குச் சங்கடம் வேண்டாம்னு."

"அவரு குடிச்சப்புறம் பாத்திரம் யார்ட்ட வரும்?"

ஞானையா விழித்தார்.

"முறை என்னன்னு கேக்கேன். நான் பாடம் நடத்தினதுதான். மீதிய யாரு குடிக்கணும்?"

"குருவானவரு. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்மா! ஒரு நாளும் முகம் சுளிச்சதில்ல. நோய் எப்பவோ குணமானதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அவரு வாய்க்கு அடுத்தது உங்க வாய். ஊரு பாத்துக்கிட்டு இருந்தது. அவரும் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு நாள் திடீர்னு சுகாதாரம்னு சொல்லி நிப்பாட்டுனீங்க. அவரு என்ன நினைப்பாரு?"

ஞானையா அங்கியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஊரு என்ன சொல்லுச்சு?"

"அம்மா..."

"ஊரு என்ன சொல்லுச்சுன்னு கேக்கேன்."

"சின்ன கப்பு வச்ச அன்னைக்கு, ஆராதனை முடிஞ்சு வாசல்ல நிக்கேன். கமிட்டி செயலர் வந்து தோளத் தட்டுனாரு. 'நல்ல காரியம் பண்ணுனீங்க ஐயா. அருமைநாயகத்துட்ட எப்படிச் சொல்லன்னு நாங்க முழிச்சுக்கிட்டு இருந்தோம்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சிரிச்சேன்."

சிரித்தாராம். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மறுத்து ஒரு வார்த்தை சொன்னால் உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டி வரும். சிரித்துவிட்டால் பழி அடுத்தவன் தலையோடு போய்விடும். விரல் போன ஒரு மனிதனின் முதுகுக்குப் பின்னால் தன் கையை ஒளித்துவைத்தார் இந்தக் குருவானவர். அதைக் கர்த்தர் காட்டிய வழி என்று வேறு சொன்னார்!

அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவினார். குடையை எடுத்தார்.

"எந்திரிங்க. போவோம்."

"எங்கம்மா?"

"அவரு வீட்டுக்கு."

பஸ்ஸில் ஞானையா ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். வெளியே செம்மண்ணும் உடைமரமுமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அவரு மனசு நோகணும்னு நான் செய்யலம்மா. எனக்கு வேற வழி தெரியல."

"டிக்கெட் எடுங்க."

எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் அம்மா பேசினார்.

"போன ஐப்பசியில உங்க கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்தேன்."

"வந்தீங்களா? எனக்குத் தெரியாதேம்மா!"

"கடைசியில உக்காந்திருந்தேன். பெலவீனரக் கர்த்தர் எப்படி உபயோகிக்காருன்னு பேசுனீங்க. ஜனங்க அழுதாங்க. பக்கத்துல இருந்த அம்மா எனக்கும் கைக்குட்ட குடுத்தாங்க."

"கர்த்தருடைய கிருபைம்மா."

"யாரு பெலவீனம்னு கடைசி வரைக்கும் நீங்க சொல்லல."

ஞானையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்; சமாதானவிளையில் இறங்கினார்கள்.

அருமைநாயகத்தின் வீடு ஊருக்கு மேற்கே கடைசி வீடு. மனைவி இறந்துபோனார். மகன் திருப்பூரில் இருக்கிறான். பெரியவர் இரண்டு ஆடுகளை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறார். வேலியில் அகத்திக்கீரை கட்டிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டுத் திரும்பினார். குருவானவரைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நான் இவருக்குப் பாடம் சொல்லிக்குடுத்தவ. பேரு சற்குணம். உங்களப் பாக்கணும்னு வந்தேன்" என்றார் அம்மா.

"உள்ள வாங்கம்மா."

ஞானையாவை அவர் வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. ஞானையா குனிந்து உள்ளே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுவரில் சபைக் காலண்டர் இருந்தது. இந்த வருஷத்துக் காலண்டர்தான்.

பெரியவர் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். மொட்டைக் கைகள் இரண்டுக்கும் நடுவில் தம்ளரை இடுக்கிக்கொண்டு ஒரு சொட்டும் சிந்தாமல் வந்தார். அம்மா வாங்கிக் குடித்தார். அடுத்த தம்ளர் ஞானையாவின் முன்னால் வந்தது.

ஞானையா கையை நீட்டினார். தம்ளரைத் தொட்டதுமே கை உதறத் தொடங்கிவிட்டது. காப்பி விளிம்பில் தளும்பி அவருடைய வெள்ளை அங்கியில் கொட்டியது. அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டார்.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார்.

"வேண்டாம்யா. எதுக்கு இப்படி நடுங்குதீங்க? பயந்துக்கிட்டுக் குடிக்கணும்னு ஒண்ணும் இல்ல. கொண்டாங்க, நானே குடிச்சுக்கிடுதேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. பழகிப்போயிருந்தது.

ஞானையா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாசலில் நின்ற ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் ஒரு சிரிப்பு சிரித்தால் போதும். தப்பித்துவிடலாம்.

"பயம் இல்ல பெரியவரே" என்றார் ஞானையா.

"பின்ன?"

"கை. என் கை நடுங்கும். தம்ளரத் தூக்க முடியாது."

"எப்ப இருந்து?"

ஞானையா அங்கியின் கறையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சின்ன கப்பு வர்றதுக்கு முன்னால இருந்தே."

பெரியவர் தம்ளரை எடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். எதிரே முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கணக்குப் போடுகிறவர்போல் தரையையே பார்த்தார்.

"அப்ப பாத்திரத்த மாத்துனது என்னால இல்லியா?"

"இல்ல."

"உங்க கைக்காகவா?"

"ஆமா."

"ஊரு என்னன்னு பேசுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரியுமா!"

பெரியவர் எழுந்துவிட்டார். முக்காலி சாய்ந்து விழுந்தது.

"தெரிஞ்சுக்கிட்டா இருந்தீங்க? ரெண்டு வருஷம் ஐயா! அசனப் பண்டிகைக்கு ஊரே உக்காந்து சாப்பிடுது. எனக்கு மட்டும் தூக்குவாளியில போட்டு வீட்டுக்கு அனுப்பி விடுதாங்க. 'உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்'ங்காங்க. நல்ல மனசாம்! பேரப்பய இங்க லீவுக்கு வாறதில்ல. ஐயரே குடிக்க யோசிக்காரு, நம்ம பிள்ளைய எப்படி விடன்னு மருமவ சொன்னாளாம். நோய் வந்தப்பக்கூட நான் இப்படிக் கெடக்கல. அன்னைக்கு நோய் இருந்தது, ஒதுக்குனாங்க. இன்னைக்கு என்ன இருக்கு எனக்கு?"

ஞானையாவின் தலை தொங்கிவிட்டது.

"இந்தக் கைய நான் எங்க கொண்டு ஒளிக்க? பஸ்ஸுல, கடையில, கோயில்ல, எல்லாரும் பாக்கத்தான செய்யாங்க. பாத்துட்டுப் போங்கன்னு நாப்பது வருஷமா நீட்டிக்கிட்டுத்தான் நடக்கேன். உங்களுக்கு நீளக்கை அங்கி இருக்கு. அது பத்தாதுன்னு நானும் வேணுமா? ஐயரு கை லேசா நடுங்குதுன்னா யாரு என்ன சொல்லிருவா? பாவம்பாங்க. அவ்வளவுதான! அந்த ஒரு பாவம் கேக்க உங்களுக்கு வெக்கம்!"

"மன்னிச்சிருங்க" என்றார் ஞானையா.

பெரியவர் முக்காலியை நிமிர்த்தி வைத்தார். அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. பெஞ்சில் இருந்த தம்ளரைப் பார்த்தார்.

"காப்பி ஆறுது. குடிங்க."

ஞானையா இரண்டு கையாலும் தூக்கினார். தம்ளர் பல்லில் தட்டிக் கடகடத்தது. மறுபடியும் காப்பி சிந்தியது. பெரியவர் சள்ளென்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு குனிந்தார். தன் இரண்டு மொட்டைக் கைகளையும் ஞானையாவின் கைகளுக்கு வெளியே வைத்து அழுத்திப் பிடித்தார். நடுக்கம் நின்றது.

அன்பாகப் பிடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குக் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. தாடை இறுகியே இருந்தது. வீட்டுக்கு வந்தவன் காப்பி குடிக்காமல் போகக்கூடாது, அதற்காகப் பிடித்தார். ஞானையா கடைசிவரை குடித்தார். கண்ணீர் அது பாட்டுக்கு மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் அதைப் பார்க்காதவர்போல் ஜன்னலைப் பார்த்தார்.

தம்ளர் காலியானதும் கையை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழம கோயிலுக்கு வாங்க பெரியவரே" என்றார் ஞானையா.

"எதுக்கு?"

"நான்தான் உங்கட்ட சொல்லிட்டேனே."

"என்ட்ட சொல்லி? என்னால இல்லன்னு எனக்குத் தெரிஞ்சு யாருக்கு லாபம்? ஊருல்லா தெரியணும். பீடத்துல நின்னு சொன்னீங்க, சுகாதாரம்னு. அதே பீடத்துல நின்னு இதயும் சொல்லுங்க. கைய வெளிய எடுத்துக் காட்டிச் சொல்லுங்க. அப்புறம் வாறேன்."

ஞானையா எழுந்தார்.

"ஜெபிச்சுட்டுச் சொல்லுதேன்."

"சின்ன கப்பு வைக்கதுக்கு முன்னால ஜெபிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இருவரும் வெளியே வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மா குடையை விரித்தார். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் பாதையில் பாதி தூரம் ஞானையா அம்மாவுக்குப் பின்னாலேயே நடந்தார். பிறகு அப்படியே நின்றுவிட்டார். காப்பிக் கறை பட்ட அங்கி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வலக்கை அங்கிக்குள் போகவும் வரவும் தெரியாமல் தவித்தது.

"கமிட்டி செயலருக்கு இப்ப என்னய ஆகாது. சேகரத் தலைவர் பதவி, ஐயரா இருக்க அவரு மச்சானுக்கு வரணும்னு நெனைக்காரு. நான் வாய் தொறந்தா அவருக்குக் கொண்டாட்டம். பொய்யன்னுதான சொல்லுவாங்க?"

"சொல்லுவாங்க. நீ சொன்னது பொய்தான?"

ஞானையா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே கோயிலுக்குள்ள நுழைஞ்சா என்னய எப்படிம்மா பாப்பாங்க?"

"அருமைநாயகத்த ரெண்டு வருஷமா எப்படிப் பாத்தாங்களோ, அப்படித்தான்."

ஞானையா பக்கத்துப் பனைமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

"அத நான் எப்படிம்மா தாங்குவேன்?"

அம்மா குடையை மடக்கி, வந்த வழியைக் காட்டினார்.

"எனக்கு எப்படித் தெரியும் ஞானையா? தாங்குனவரு அந்த வீட்டுல இருக்காரு. போய்க் கேளு."